கோபுரமும் மனாராவும்: சோழமண்டலக் கரையில் வழியறிந்த கலை

ஸ்ரீமுஷ்ணம் கடலோர ஊரன்று. கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியில், விருத்தாசலத்திற்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட வயல்வெளிகளுக்கு நடுவே அமைந்தது. ஆயினும் அவ்வூர்ப் பூவராகப் பெருமாள் ஆண்டுதோறும் மாசித் திங்களில் கடல் நோக்கிப் புறப்படுகிறார். மக நட்சத்திரமும் முழுநிலவும் கூடும் நாளில் கிள்ளையை அடுத்த முழுக்குத்துறையில் தீர்த்தவாரி நடைபெறுகிறது. கடலைத் தொடுவதற்கு முன்னர், கிள்ளைத் தைக்காலில் சையத் ஷா ரஹ்மத்துல்லாஹ் தர்காவைச் சார்ந்த முஸ்லிம்கள் பட்டளித்து அவரை வரவேற்கின்றனர். பெருமாளுக்குச் சாத்திய மாலை தர்காவுக்கு வந்து சேர்கிறது, பாத்திஹா ஓதப்பெறுகிறது.

இந்நிகழ்ச்சியை மத நல்லிணக்கத்தின் சான்றாக எடுத்துக்காட்டி அவ்வளவில் நிறுத்திக்கொள்வது நம் கட்டுரையாளர்களின் வழக்கமாகிவிட்டது. நல்லிணக்கம் என்பது உண்மைதான். ஆனால் அச்சொல்லை உச்சரித்தவுடன் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாக எண்ணுவது சரியன்று. நமக்கு வேறொரு வினா எழுகிறது: உள்நாட்டு ஊர் ஒன்று, நீண்ட கடற்கரையில் எத்தனையோ துறைகள் இருக்க, இந்தத் துறையில் வந்து ஏன் கடலைக் காணவேண்டும்?

நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. ஸ்ரீமுஷ்ணத்திற்கு வடக்கே வெள்ளாறு ஓடுகிறது. கூடலையாற்றூரில் மணிமுத்தாறு அதனுடன் கலக்கிறது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி ஆகிய ஊர்களைக் கடந்து பரங்கிப்பேட்டையருகே அது கடலில் விழுகிறது. முகத்துவாரத்தின் வடகரையில் பரங்கிப்பேட்டை, தென்புறத்தில் கிள்ளை. ஆகவே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து புறப்படும் ஒருவர், ஆற்றைத் தம் இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே நடந்தாரானால், வழி கேளாமலே கிள்ளைக் கரையை அடைந்துவிடுவார். ஆற்றங்கரை ஊரின் தெய்வம் அவ்வாற்றின் வாயில் கடலைக் காண்கிறது என்பதே நம் கருத்து.

வழியறிதலின் முதல் பாடம் இதுவே: விலகாது துணைவரும் ஓர் அடையாளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுதல். இக்காலத்தில் இதனை ஒரு விளையாட்டாகவே பயில்கின்றனர். ஓரியண்டீரிங் என வழங்கும் அப்போட்டியில் பங்கேற்பவர் கையில் ஒரு வரைபடமும் ஒரு திசைகாட்டியும் மட்டுமே இருக்கும். முன்பின் அறியாத காட்டில் குறிக்கப்பட்ட நிலைகளை வரிசை தவறாமல் தொட்டு, குறைந்த நேரத்தில் திரும்ப வேண்டும். 1886இல் ஸ்வீடன் நாட்டுப் படைக் கல்லூரியில் பயிற்சிப் பெயராகத் தோன்றிய இச்சொல், 1897 அக்டோபர் 31 அன்று நார்வேயில் பொதுமக்களுக்கெனப் போட்டி நடத்தப்பெற்றபோது விளையாட்டின் பெயராயிற்று. 1961இல் பன்னாட்டுச் சம்மேளனமும் அமைந்தது. இப்போட்டியில் கால்வேகம் மட்டும் வெற்றி தருவதில்லை. வேகமாக ஓடித் தம் இடத்தை மறந்தவர், மெதுவாக ஓடித் தம் இடத்தை அறிந்தவரிடம் தோற்கிறார். ஓடை, வேலி, காட்டுப்பாதை போன்றவற்றைக் கைப்பிடிபோலப் பற்றிச் செல்லல், காலடிகளை எண்ணித் தொலைவு கணித்தல், இலக்கிற்கு நேராகச் செல்லாமல் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்து செல்லல் என்பன அதன் உத்திகள். இவற்றைப் புதுமை எனக் கருதுவோர், பரங்கிப்பேட்டைத் துறைக்குக் கப்பலோட்டி வந்த மரைக்காயர்கள் செய்தது என்ன என்பதை ஒருகணம் நோக்குதல் நலம். ஒரு வேறுபாடு உண்டு. விளையாட்டில் தவறினால் இழப்பது நேரம் மட்டுமே.

பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்றொரு பெயரும் உண்டு. ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்றனர். பெயர்கள் பலவாயினும் துறை ஒன்றே. அரபுப் புவியியலாளர் தமிழ்க் கடற்கரையை மஅபர் என்று அழைத்தனர். கடந்துசெல்லும் இடம் என்பது அதன் பொருள். நாட்டை அதன் மன்னராலோ விளைபொருளாலோ குறிக்காமல், கடக்கும் செயலால் குறித்த பெயர் அது. மறுபுறம், தமிழில் கப்பல் செலுத்துவோரைக் குறிக்கும் மாலுமி என்னும் சொல் முஅல்லிம் என்ற அரபுச் சொல்லின் திரிபு. ஆசிரியர், கற்பிப்பவர் என்பது அதன் மூலப் பொருள். சுக்கானும் அரபுச் சொல்லே. கடல் வணிகத்தில் பொருள் மட்டும் கைமாறவில்லை என்பதற்கு இச்சொற்களே சாட்சி.

முஅல்லிம் என்பவர் வலிமையால் கப்பல் நடத்தியவர் அல்லர், கணக்கால் நடத்தியவர். அக்கணக்கின் அடிப்படை விரல். அரபு மொழியில் இஸ்பஃ எனப்படும் அந்த அளவு, நீட்டிய கையின் ஒரு விரல் அகலம் வானில் மறைக்கும் கோணமாகும். ஏறத்தாழ 1 பாகை 40 கலை. வடமீனின் உயரத்தை அடிவானிலிருந்து இத்தனை விரல் என அளந்தால், நாம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே உள்ளோம் என்பது தெரியும். கப்பல் ஓடிய தொலைவுக்கு ஸாம் என்னும் அளவு உண்டு; அது மூன்று மணி நேர ஓட்டம். நம் சாமமும் மூன்று மணி நேரமே என்பதை வாசகர் கருத்தில் கொள்வாராக. எட்டு ஸாம் ஒரு விரலுக்குச் சமம்; அதாவது ஓர் இரவும் பகலும் வடக்கே ஓடினால் வடமீன் ஒரு விரல் உயரும்.

விரலளவைக்கென ஒரு கருவி இருந்தது. அரபு மாலுமிகள் அதனைக் கமால் என்றனர். தமிழ் மாலுமிகள் ராப்பலகை என்றனர். சிறு மரப்பலகை ஒன்று, அதன் நடுவில் துளையிட்டுக் கோத்த கயிறு, கயிற்றில் முடிச்சுகள். கயிற்றைப் பல்லிடைக் கடித்துப் பலகையை முன்னே நீட்டிப் பிடித்து, கீழ்விளிம்பு அடிவானிலும் மேல்விளிம்பு வடமீனிலும் படுமாறு பார்ப்பார்கள். சோழமண்டலக் கரை மாலுமிகளின் உபாயங்களைக் கண்டெழுதிய காங்கிரீவ் என்ற ஆங்கிலேயரின் கட்டுரை 1850இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் இடம்பெற்றது. கயிற்றின் ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு துறைமுகத்திற்கு உரியது என்று அவர் குறிக்கிறார். எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க வரைபடம் அது. கடற்கரை முழுவதையும் ஒரு முழக் கயிற்றில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள் எனின் மிகையாகாது. வேகத்தை அளப்பதற்கு அவர்கள் கையாண்ட முறையையும் அவர் எழுதியுள்ளார். கப்பலின் முன்முனையிலிருந்து ஒரு மரத்துண்டைக் கடலில் இடுவர். அது பின்முனை நோக்கி நழுவும்போது அதனோடு இணையாகத் தளத்தில் நடப்பர். தாம் நடந்த நடையின் விரைவால் கப்பலின் விரைவை உணர்வர். காட்டில் ஓடுபவர் காலடி எண்ணுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இக்கருவி சோழமண்டலக் கரைக்கு மிகவும் பொருந்தியது. அதற்குக் காரணம் கரையின் கிடக்கை. கோடியக்கரையிலிருந்து புதுச்சேரி வரையிலான கரை ஏறக்குறைய நேர் தெற்கு வடக்காகக் கிடக்கிறது. கிழக்குக் கடலில் எங்கிருந்து வந்தாலும், தமக்குரிய முடிச்சில் வடமீன் பொருந்தும்வரை வடக்கோ தெற்கோ சென்று, பின் மேற்கே திரும்பி அவ்வுயரம் மாறாமல் ஓடினால், அத்துறையிலேயே கரை காண வேண்டும். காட்டில் இலக்கைத் தேடுபவர் இரண்டு அளவுகளை அறிந்தாக வேண்டும். இங்கே ஓரளவே போதும்.

போதும் என்றோம், நடைமுறையில் போதாது. ஒரு விரல் என்பது நிலத்தில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். ஆடும் கப்பலில் நின்று கால் விரல் பிழைபடாமல் அளப்பது தேர்ந்தவர்க்கும் அரிது. கால் விரல் 46 கிலோமீட்டர். பரங்கிப்பேட்டை மாலுமி வடபுறமாகக் கால் விரல் பிழைத்தால் அவர் காணும் கரை புதுச்சேரி. தென்புறமாகப் பிழைத்தால் தரங்கம்பாடி. இரண்டுக்கும் நடுவே கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் கடலுக்குள் நீண்டுகிடக்கும் மணல்திட்டு வேறு இருக்கிறது. 1749 ஏப்ரல் மாதப் புயலில் நாமூர், பெம்புரோக் என்னும் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கடலூர்க்குத் தெற்கே இக்கடற்பகுதியில் அழிந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பீரங்கி பூட்டிய பெருங்கப்பல்களுக்கே அந்த நிலையென்றால், துணியும் அரிசியும் ஏற்றிய மரக்கலங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அளவைப் பிழைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வடமீன் வானத்தின் உண்மையான துருவத்தில் நிற்பதில்லை. இன்று அது துருவத்திற்கு மிக அருகில் உள்ளது. கி.பி. 1500 வாக்கில் சுமார் 3½ பாகை விலகியிருந்தது. ஆகவே ஒரு சுழற்சிக்குள் அது ஏறக்குறைய 4 விரல் அளவு ஏறி இறங்கும். எந்த வேளையில் எவ்வளவு கழிக்க வேண்டும் என அறியாதவர்க்கு ராப்பலகை பயன்படாது. இத்திருத்தத்தை அரபு முஅல்லிம்கள் பாஷி என்றனர். அதனைக் கணிக்க அவர்கள் நோக்கியது சந்திரன் தங்கும் மனைகளாகிய மன்ஸில்களை. இன்ன மன்ஸில் வானில் இன்ன நிலையில் இருந்தால் இத்தனை விரல் கூட்டுக என்பது விதி. அஹ்மத் இப்னு மாஜித் கி.பி. 1490 வாக்கில் முடித்த கிதாபுல் ஃபவாயித் என்ற பெருநூலில் மன்ஸில்களுக்கு விரிவான இடம் தந்ததன் காரணம் இதுவே. அது சோதிடம் அன்று.

அரபு மன்ஸில்கள் 28. நம் நாட்டு நட்சத்திரங்கள் 27. அரபு வரிசையில் பத்தாவது அல்ஜப்ஹா. சிங்கத்தின் நெற்றி எனப் பொருள்படுவது. நம் வரிசையில் பத்தாவது மகம். இரண்டும் வானில் ஒன்றே. இரண்டிலும் ஒளிமிக்க மீன் ஒன்றே. மாசி மாதத்தில் முழுநிலவு எந்த மீனுடன் கூடும்போது ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் முழுக்குத்துறையில் நீராடுகிறாரோ, அந்த மீனையே வெள்ளாற்று வாயிலை நாடிவரும் முஅல்லிம் தம் வடமீன் கணக்கைத் திருத்த நோக்கினார். பூசகரும் மாலுமியும் வெவ்வேறு காரணங்களுக்காக ஒரே வானத்தைப் படித்தனர். தைக்காலில் நிகழும் சந்திப்பை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் ஆழம் புலப்படும்.

இக்கலை அரபுகளுடையதா தமிழர்களுடையதா என்று வழக்காடுவோர் இருதரப்பிலும் உளர். வழக்கைத் தொடுப்பவர்க்கு 1498இல் வாஸ்கோ ட காமாவை மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு அழைத்துவந்த மாலுமியின் பெயரை நினைவூட்ட விரும்புகிறோம். அவர் இப்னு மாஜிதே என்று நெடுங்காலம் நம் மேடைகளில் பேசப்பட்டு வந்தது. ஆராய்ந்த அறிஞர் இன்று அதனை ஏற்பதில்லை. போர்த்துக்கீசிய ஆவணங்கள் அவரை ஒரு குஜராத்தியர் என்றே காட்டுகின்றன. அவர்கள் எழுதிவைத்த பெயர் மாலெமோ கானாக்கா என்பது. மாலெமோ என்றால் முஅல்லிம். கானாக்கா என்பது கணக, அதாவது கணக்கறிந்தவர், சோதிடர். எனவே அது பெயரன்று, பட்டம். பாதி அரபு, பாதி இந்தியம். போர்த்துக்கீசியர் தம் உலோகக் கருவியைக் காட்டியபோது அவர் வியக்கவில்லை என்றும், தம் பலகைக் கருவியை எடுத்துக் காட்டினார் என்றும் அவர்களின் வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதுகிறார். வங்கக் கடலைப் பற்றி எழுதிய சுலைமான் அல்மஹ்ரி போன்ற அரபு நூலாசிரியர்கள், சோழமண்டலத்து மாலுமிகளை ஷூலியர் எனப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றனர். நூலெழுதியவர்களுக்கே இல்லாத வேலியை நாம் எழுப்ப வேண்டியதில்லை.

இனிக் கரையை நெருங்கும் கட்டத்திற்கு வருவோம். பயணத்தின் பெரும்பகுதி நாள்கணக்கில் கழியும்; வெற்றி தோல்வி முடிவாவது கடைசிச் சில நாழிகைகளில். பங்குனி தொடங்கி ஆவணி வரை இக்கரையோர நீரோட்டம் வடக்கே இழுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே இழுக்கிறது. துறையைத் தாண்டிவிட்ட பாய்க்கப்பல், நீரோட்டத்தையும் காற்றையும் எதிர்த்துத் திரும்பி வருவது எளிதன்று. நாட்கணக்கில் போராடவேண்டி வரும். ஆதலால் தென்மேற்குப் பருவத்தில் வருவோர் துறைக்குச் சற்றுத் தெற்கேயும், வடகிழக்குப் பருவத்தில் வருவோர் சற்று வடக்கேயும் கரை காணுமாறு வேண்டுமென்றே விலகி ஓட்டினர். அவ்வாறு ஓட்டினால் கரை தெரிந்தவுடன் எப்பக்கம் திரும்புவது என்ற ஐயம் எழாது. நேராகக் குறிவைத்து இலக்கைக் காணாதவரே, இடமா வலமா எனத் தெரியாமல் நிற்பார். ஓரியண்டீரிங் பயிற்றுநர் மாணவர்க்குச் சொல்லும் உத்தியை, காற்றும் நீரோட்டமும் இவர்களுக்கு எப்போதோ கற்பித்துவிட்டன.

எப்பக்கம் திரும்புவது என்பது தெரிந்தாலும், எங்கே நிற்பது என்பது தெரிய வேண்டும். இங்கேதான் சோழமண்டலக் கரை மாலுமியைச் சோதிக்கிறது. மலையில்லை, பாறையில்லை, மேடுமில்லை. கப்பல் தளத்திலிருந்து பார்த்தால் பனையும் தென்னையும் 20 கிலோமீட்டர் தொலைவிலேயே தெரியத் தொடங்கும். ஆனால் எந்த ஊரிலும் பனை பனையே. கரை வந்தது என்று அவை சொல்லும். எந்தக் கரை என்று சொல்லா. அதைச் சொன்னவை கோபுரங்கள்.

சிதம்பரத்து நான்கு கோபுரங்களும் ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுடையவை. சமவெளியில் நிற்கும் அத்தகைய கட்டடம், தளத்தில் நிற்பவர் கண்ணுக்கு 30 கிலோமீட்டர் அளவில் தெரியும் என்பது வடிவியல் தரும் கணக்கு. அதாவது, கரைக்கு வெகுதொலைவு கடலில் இருக்கும்போதே மரங்களின் வரிசைக்கு மேல் அவற்றின் தலைகள் எழும். நான்காக இருப்பது இன்னொரு வசதி. கப்பல் வடக்கிலிருந்து தெற்கே நகரும்போது அவை ஒன்றையொன்று மறைத்தும் விலகியும் தோன்றும். அம்மாற்றத்தைக் கொண்டே தாம் நிற்கும் இடத்தைத் தேர்ந்த கண் கணித்துவிடும். ஆங்கிலேயர் தம் கடல்வழி நூல்களில் இக்கோபுரங்களைப் பரங்கிப்பேட்டைத் துறையின் அடையாளமாக எழுதிவைத்தனர். அவர்கள் எழுதியது நம் மாலுமிகள் முன்பே அறிந்ததை.

தெற்கே சென்றால் நாகூர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய பெரிய மனாரா 131 அடி உயரமுடையது. அதுவும் ஏறக்குறைய 40 மீட்டர். கடலை ஒட்டியே நிற்பதால் அதன் பயன் இன்னும் பெரிது. ஹஸ்ரத் ஷாஹுல் ஹமீத் நாயகம் (ரஹ்) அவர்களைக் கடலோடிகள் காவலராகப் போற்றுவது நாடறிந்த செய்தி. அப்போற்றுதலுக்கு ஒரு புறக்காரணமாக, கடலிலிருந்து கரையை நோக்கி ஏங்கும் கண்ணுக்கு முதலில் ஆறுதல் தந்தது அந்த மனாரா என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். இந்து மன்னர் கட்டிய மனாராவைக் குறியாகக் கொண்டு பட்டினவர் கட்டுமரங்கள் திரும்பின. சைவப் பெருங்கோயிலின் கோபுரத்தைக் குறியாகக் கொண்டு மரைக்காயர் மரக்கலங்கள் நங்கூரமிட்டன. யாரும் அதற்காகத் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. சிதம்பரத்துக் கோபுரம் தெரியாமற் போனால் பரங்கிப்பேட்டைப் பள்ளிவாசலில் அடுத்த வெள்ளிக்கிழமை சிலருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தவேண்டி நேரிட்டிருக்கும். அந்த அளவுக்கு அது அவர்களுடையதும் ஆகும்.

நாகப்பட்டினத்தில் மூன்றாவதாக ஒரு கோபுரம் இருந்தது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் வழங்கிய அச்செங்கற் கட்டடம் பழைய பௌத்த விகாரத்தின் எச்சம். அவ்வூரில் பௌத்தர் அற்றுப்போய் நெடுங்காலமாயிற்று, வழிபாடு நின்றது, கூரை வீழ்ந்தது. ஆயினும் கடலிலிருந்து வருவோர்க்கு அது தன் பணியைச் செய்துகொண்டிருந்தது. 1846இல் அதனைக் கண்ட வால்டர் எலியட், கப்பல்களுக்கு நல்ல அடையாளமாக நின்றதை எழுதியுள்ளார். 1867இல் அரசின் அனுமதியுடன் இயேசு சபையினர் அதனை இடித்தனர். வழிபடுவோர் இல்லாத கட்டடத்திற்கு உரிமையாளர் எவர் என்பது எளிய வினாவன்று. கண்ணால் மட்டும் அதனைப் பயன்கொண்ட மாலுமிகளின் பேச்சு அந்த முடிவில் இடம்பெற்றதாகத் தெரியவில்லை.

அதன்பின் கலங்கரை விளக்கங்கள் வந்தன. நீராவிக் கப்பல்கள் வந்தன. இன்று விசைப்படகில் செல்லும் இளைஞர் கையிலுள்ள சிறு கருவி வானிலிருந்து வரும் குறிப்பால் இடத்தைச் சில மீட்டர் பிழையில் சொல்லிவிடுகிறது. அது நல்லதே. கால் விரல் பிழைக்கு உயிரைக் கொடுத்த காலம் திரும்பவேண்டும் என எவரும் விரும்பார். நாம் வருந்துவது வேறொன்றைப் பற்றி. தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோர், மார்க்க நூல்களையும் மாலைகளையும் பேணிப் பதிப்பித்ததுபோல் கடற்கணக்கேடுகளைப் பேணவில்லை. மார்க்க நூல் கையிலிருந்து கைக்கு மாறியது. கடற்கணக்கு தந்தையின் வாயிலிருந்து மகனின் காதுக்கு மாறியது. மகன் வணிகத்திற்கோ வளைகுடாவிற்கோ சென்றபோது அந்தச் சங்கிலி அறுந்தது. பரங்கிப்பேட்டை, நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் பழைய வீடுகளில், பெட்டகத்தின் அடியில் துளையிட்ட பலகைத் துண்டும் முடிச்சிட்ட கயிறும் கிடைக்குமானால், அதனை விளையாட்டுப் பொருளென எறிந்துவிடலாகாது.

சோழமண்டலத்து முடிச்சுக் கயிற்றைப் பற்றிக் காங்கிரீவ் எழுதிய ஆங்கிலக் கட்டுரைக்கு, இத்துறையில் உழைத்த பிரெஞ்சு அறிஞர் கேப்ரியல் ஃபெரான் 1928இல் பாரிசில் வெளியிட்ட தொகுப்பில் இடம் கிடைத்தது. அத்தொகுப்பின் பெயர் அரபுக் கடல் வானியலுக்கு ஓர் அறிமுகம் என்பது.